நேற்று வைத்த இடத்தில் இன்று இல்லையே! கணினித் திரையில் நகரும் பேனல்களின் கதை

கிள்ளானில் உள்ள ஒரு சிறிய அச்சகத்துக்கு ஆண்டு மலர் வேலையாக அடிக்கடி போய்வருவேன். அங்கே மெய்ப்புப் பார்க்கும் ஐயாவுக்கு 68 வயது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 17 வயதில் பட்டணத்துக்கு வந்து, ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கி அச்சுக் கோத்தவர். இப்போது எல்லாம் கணினியில்தான். போன மாதம் ஒரு நாள் காலை 8 மணிக்கே போய்விட்டேன். அச்சகம் திறப்பது எட்டரைக்கு. ஐயா மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மவுஸை எதற்காகவோ இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கய்யா, இவ்வளவு சீக்கிரம்?"

"ஒன்னுமில்லம்மா. இந்தப் பொட்டிய எடத்துல வைக்கணும். தெனம் காலையில தொறந்தா கீழ போயி உக்காந்துக்குது. நான்தான் எதையோ தட்டிக் கெடுத்துட்டேன் போல. மொதலாளி வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு பாக்குறேன்."

விசாரித்தால் மூன்று வாரமாக இதே கதை. யாரிடமும் சொல்லவில்லை. அரை மணி நேரம் முன்னதாக வந்து, அந்தப் பெட்டியை வலப்பக்கம் இழுத்து ஒட்டிவைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார். சாயங்காலம் கணினியை மூடினால் மறுநாள் காலை மறுபடியும் கீழே.

அந்த மென்பொருளை எழுதியது முதலாளியின் அக்காள் மகன். பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி. அச்சுக்குப் போகும் தமிழ்ப் பக்கங்களில் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும் சின்ன மென்பொருள்தான். நடுவில் பக்கத்தின் வாசகம். இடப்பக்கம் பக்கங்களின் பட்டியல். கீழே குறிப்பு எழுதும் இடம். அண்மையில்தான் நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறான்: பிழையான சொல்லுக்குச் சரியான சொற்களைக் காட்டும் பரிந்துரைப் பெட்டி. ஓடிப்போவது அந்தப் புதிய பெட்டி மட்டுமே. மற்றவை வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

அன்று மாலையே தம்பியை வரவழைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தமிழ் இலக்கியம் படித்தவள் நான். நிரல் எழுதுவது என் துறையல்ல. அவன் சொன்னதைக் கேட்டும், பிறகு வீட்டில் நானே படித்து எழுதிப் பார்த்தும் புரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். கணினித் துறைக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் பயன்படலாம்.

கப்பல் வந்து கட்டுவதுபோல

இப்படி இழுத்து ஓரத்தில் ஒட்டவைக்கக்கூடிய பகுதியை 'டாக்' பேனல் என்கிறார்கள். டாக் என்றால் கப்பல் வந்து கட்டும் துறை. கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஒட்டி நிற்பதுபோல, பேனலும் சாளரத்தின் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது. கயிற்றை அவிழ்த்துவிட்டால் தனியாக மிதக்கும். இதற்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்று வைத்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அச்சகத்தில் எல்லாரும் பேனல் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

போட்டோஷாப்பில் படம் திருத்துபவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். கோயில் திருவிழாவையோ திருமணத்தையோ நேரலையாக ஒளிபரப்பும் இளைஞர்களைக் கேட்டால் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளைக் காட்டுவார்கள். அதில் நடுவே கேமராவின் காட்சி. அதன் கீழே காட்சிகளின் பட்டியல், படமும் ஒலியும் வரும் மூலங்கள், ஒலிக் கலவை, காட்சி மாற்றம், கட்டுப்பாடுகள் என்று பேனல்கள் வரிசையாக இருக்கும். எதையும் தலைப்பைப் பிடித்து இழுத்து இடப்பக்கமோ வலப்பக்கமோ கொண்டுபோகலாம். சாளரத்துக்கு வெளியே இழுத்து இரண்டாவது திரையில் தனியாக விடலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே டேப் காது மட்டும் தெரியும்படி வைக்கலாம். வேண்டாமென்றால் மறைத்தும் விடலாம்.

இந்த வசதி இல்லாமல் மக்கள் பட்ட பாடு தனிக்கதை. கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் நெடுங்காலம் படம் ஒரு சாளரம், கருவிகள் ஒரு சாளரம், அடுக்குகள் ஒரு சாளரம் என்று எல்லாம் தனித்தனியாகத் திரையில் சிதறிக் கிடக்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று பின்னால் ஒளிந்துகொள்ளும். 2012 மே மாதம் வந்த 2.8 பதிப்பில்தான் எல்லாவற்றையும் ஒரே சாளரத்துக்குள் ஒட்டிவைக்கும் முறை சேர்ந்தது. 2018இல் வந்த 2.10 பதிப்பில் அதுவே இயல்பான முறையாகிவிட்டது.

ஒட்டும் வசதி இருந்தாலும் எங்கே போய் ஒட்டும் என்று தெரியாமல் திண்டாடுவது இன்னொரு தொல்லை. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கு நல்ல வழி கண்டது. பேனலை இழுக்கத் தொடங்கியதும் திரை நடுவே அம்புக்குறிகள் கொண்ட சாய்சதுரம் ஒன்று தோன்றும். இட அம்பின்மேல் மவுஸைக் கொண்டுபோனால் இடப்பக்கம் எவ்வளவு இடத்தைப் பேனல் எடுத்துக்கொள்ளும் என்று நிழலாகக் காட்டும். விட்டால் அங்கே போய் ஒட்டும்.

உள்ளே ஒரு மரம்

பார்ப்பதற்கு விளையாட்டுப்போல இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது?

நாளிதழ்ப் பக்கம் வடிவமைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பக்கத்தை முதலில் நெட்டுக்கு இரண்டாகப் பிரிக்கிறோம். வலப்பாதியைக் குறுக்கே இரண்டாக்கி மேலே ஒரு செய்தி, கீழே ஒரு விளம்பரம் வைக்கிறோம். அந்த விளம்பர இடத்தை மறுபடி நெட்டுக்குப் பிரிக்கலாம். ஒவ்வொரு பிரிவும் ஒரு கிளை. மேலும் பிரிக்காத இடம் ஓர் இலை. நிரலாளர்களும் இதை 'மரம்' என்றே சொல்கிறார்கள். இலைதான் பேனல். இரண்டு பேனலுக்கு நடுவே நாம் பிடித்து இழுக்கும் கோடு, கிளை பிரியும் இடம்.

ஒரு பேனலைப் பிடித்து இழுக்கும்போது மரத்திலிருந்து அந்த இலையைக் கிள்ளுகிறோம். கிள்ளியபின் அந்தக் கிளையில் ஒரே ஓர் இலைதான் மிஞ்சியிருக்கிறது என்றால், அந்தக் கிளைக்கு இனி வேலையில்லை. கிளையை எடுத்துவிட்டு மிஞ்சிய இலையை அதன் இடத்தில் வைக்க வேண்டும். சொந்தமாக இதை எழுதப் பார்க்கும் பிள்ளைகள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். மறந்தால் பத்து முறை இழுத்துப் போட்டதும் மரம் முழுக்க மொட்டைக் கிளைகளாகிவிடும். திரையில் காரணமில்லாமல் வெற்றுப் பட்டைகள் தெரியும், பிடித்தால் நகராத கோடுகள் நிற்கும்.

திரும்ப ஒட்டும்போது இரண்டு வகை உண்டு. வலப்பக்கம் ஏற்கெனவே நெட்டுவாக்கில் பிரிந்த கிளை இருந்து, புதிய பேனலும் அதே வாக்கில் வந்தால், அதே கிளையில் இன்னோர் இலையாகச் சேர்த்தால் போதும். வாக்கு வேறாக இருந்தால் அங்கே ஒரு புதுக் கிளை முளைக்க வேண்டும். ஒரு பேனலின் தலைமேலேயே இன்னொன்றைப் போட்டால் இரண்டும் ஓர் இலைக்குள் டேப்பாக அமரும்.

இழுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மவுஸை அழுத்தியவுடன் பேனலைக் கழற்றிவிடக் கூடாது. கை கொஞ்சம் நகர்ந்தபிறகுதான் இவர் இழுக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கியூட் என்ற கருவித்தொகுப்பில் அந்தத் தூரம் இயல்பாக 10 பிக்சல். திரையில் உள்ள மிகச் சிறிய புள்ளிதான் பிக்சல். இளைஞர்களுக்கு அது போதும். விரல் நடுங்கும் பெரியவர்களுக்குப் போதாது. தலைப்பைச் சும்மா தொட்டாலே பேனல் கழன்றுவிடும். இந்தத் தூரத்தை நிரலாளர் கூட்டிவைக்கலாம். தம்பி 25 என்று மாற்றினான். ஐயாவிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மூன்று வரியில் முளைக்கும் பேனல்

இந்த மரத்தை ஒவ்வொருவரும் புதிதாக நட வேண்டியதில்லை. ஆயத்தமான கருவித்தொகுப்புகள் இருக்கின்றன. தம்பி பயன்படுத்தியது நான் மேலே சொன்ன கியூட். நார்வே நாட்டின் டிரோல்டெக் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. சி பிளஸ் பிளஸ் மொழிக்கென்று எழுதப்பட்டாலும் பைசைட் என்ற இணைப்பின் வழியே பைத்தான் மொழியிலும் எழுதலாம். கற்றுக்கொள்ளப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஓபிஎஸ், ஓவியம் வரையும் கிரிட்டா, நிலப்படங்களைக் கையாளும் கியூஜிஐஎஸ் எல்லாம் கியூட்டில் எழுதியவைதான்.

அதில் 'கியூ மெயின் விண்டோ' என்பது முதன்மைச் சாளரம். நடுவில் ஓர் இடம், சுற்றி நான்கு ஓரம். நடு இடத்தில் முக்கிய வேலை நடக்கும் பகுதியை வைக்கிறோம். தம்பியின் மென்பொருளில் பக்கத்தின் வாசகம். பிறகு ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு 'கியூ டாக் விட்ஜெட்' உருவாக்கித் தலைப்புக் கொடுக்க வேண்டும். அதற்குள் நம்முடைய பட்டியலையோ பெட்டியையோ வைக்க வேண்டும். 'ஆட் டாக் விட்ஜெட்' என்ற கட்டளையால் எந்த ஓரம் என்று சொல்லி ஒட்ட வேண்டும். மூன்றே வரி. இழுப்பது, மிதப்பது, திரும்ப ஒட்டுவது எல்லாம் தானாக வந்துவிடும். நிரலில் இந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் சேர்த்து எழுத வேண்டும். முதல் தடவை எழுதி ஓடவிட்டபோது, வீட்டு மேசையில் இருந்த என் பழைய மடிக்கணினியில் பேனல் கையோடு வந்ததைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

மூலைகளுக்கும் சொந்தக்காரர் உண்டு. இடப்பக்கப் பேனலும் கீழ்ப்பக்கப் பேனலும் சந்திக்கும் மூலை யாருக்கு? இயல்பாகக் கீழ்ப்பக்கத்துக்குத்தான். பக்கப் பட்டியல் நீளமாக இருந்து, மேலிருந்து அடிவரை இறங்க வேண்டும் என்றால் 'செட் கார்னர்' கட்டளையால் மூலையை இடப்பக்கத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். ஓபிஎஸ் மென்பொருளில் பக்கப் பேனல்களை முழு உயரத்துக்கு நீட்டும் ஒரு தேர்வு இருக்கிறது. அதன் பின்னால் நடப்பது இந்த மூலை மாற்றந்தான்.

தமிழில் எழுதும்போது வேறொரு சிக்கல் வருகிறது. ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் இரு மடங்கு நீளும். பேனலுக்குள் அப்படி நான்கு பொத்தான் வரிசையாக இருந்தால் அந்த வரிசையைவிடக் குறுகலாகப் பேனலைச் சுருக்கவே முடியாது. எல்லாப் பேனலும் இப்படிப் பிடிவாதம் பிடித்தால் சாளரம் மடிக்கணினித் திரையைவிட அகலமாகிவிடும். பொத்தான்களுக்குப் படக்குறி வைத்து, மவுஸ் மேலே வரும்போது மட்டும் தமிழ்ப் பெயரைக் காட்டலாம். அல்லது உள்ளடக்கத்தை உருட்டிப் பார்க்கும் பகுதிக்குள் வைக்கலாம்.

டேப்பாக அடுக்கும்போது இன்னும் வேடிக்கை. இடம் போதாவிட்டால் கணினி தலைப்பின் வாலை வெட்டிப் புள்ளி வைத்துவிடும். தம்பியின் மென்பொருளில் 'எழுத்துப் பிழைகள்', 'எழுத்துரு', 'எழுத்தளவு' என்று மூன்று தலைப்பைச் சேர்க்கத் திட்டமிருந்தது. அடுக்கினால் மூன்றும் 'எழுத்...' என்றுதான் நிற்கும். 'பிழை', 'உரு', 'அளவு' என்று வையப்பா என்றேன். நான் படித்த படிப்பு நிரலுக்கு உதவியது அந்த ஓர் இடத்தில்தான்.

பெயர் இல்லாத பேனல்

இனி ஐயாவின் பேனலுக்கு வருவோம்.

இழுத்து ஒட்டுவது தானாக வந்துவிடுகிறது என்றேன். நினைவில் வைப்பது அப்படியல்ல, கேட்டால்தான் வரும். மென்பொருளை மூடும் நேரத்தில் 'சேவ் ஸ்டேட்' என்ற கட்டளையைக் கொடுத்தால், எந்தப் பேனல் எங்கே, எவ்வளவு அகலம், மிதக்கிறதா, மறைந்திருக்கிறதா என்ற மொத்தக் கணக்கையும் ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும். அதைச் சேமித்துவைக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் அது வழக்கமாக ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேட்டுக்குள் போகும். மறுநாள் திறக்கும்போது எல்லாப் பேனலையும் முதலில் உருவாக்கிவிட்டு, பிறகு 'ரிஸ்டோர் ஸ்டேட்' கட்டளையால் மூட்டையை அவிழ்க்க வேண்டும். வரிசை முக்கியம். உருவாகாத பேனலுக்கு இடம் ஒதுக்க முடியாது. சாளரத்தின் அளவும் அது திரையில் நிற்கும் இடமும் இந்த மூட்டையில் வராது. அவற்றுக்குத் தனிக் கட்டளை இருக்கிறது.

தம்பி இதையெல்லாம் செய்திருந்தான். அதனால்தான் பழைய இரண்டு பேனலும் நின்ற இடத்தில் நின்றன. புதிய பேனல் மட்டும் ஏன் ஓடியது?

மூட்டையைக் கட்டும்போது எந்தப் பேனல் எது என்று அடையாளம் வேண்டும். திரையில் தெரியும் தலைப்பை அது பார்ப்பதில்லை. 'ஆப்ஜெக்ட் நேம்' என்று உள்ளுக்குள் ஒரு பெயர் தனியாக வைக்க வேண்டும். பழைய இரண்டுக்கும் வைத்தவன், அவசரமாகச் சேர்த்த மூன்றாவது பேனலுக்கு வைக்க மறந்துவிட்டான். பெயர் இல்லாத பிள்ளையைப் பெரட்டில் எப்படிக் கூப்பிடுவது? மூட்டையை அவிழ்க்கும்போது அதற்கென்று எந்தக் கணக்கும் இல்லை. நிரலில் முதலில் சொல்லியிருந்த கீழ்ப்பக்கத்துக்கே அது போய் உட்கார்ந்துகொண்டது.

என்னை உறுத்தியது இதன்பிறகு தெரியவந்த செய்தி. பெயர் வைக்கவில்லை என்று கியூட் ஒவ்வொரு நாளும் எச்சரித்திருக்கிறது. மென்பொருளை மூடும்போதெல்லாம் கறுப்பு நிற முனையத்தில் ஒரு வரி எழுதுகிறது. ஆனால் ஐயாவின் கணினியில் அந்த முனையம் திறப்பதே இல்லை. குறும்படத்தைச் சொடுக்கினால் மென்பொருள் மட்டும் வரும்படி அமைத்திருந்தார்கள். தவறைக் கணினி சொல்லிக்கொண்டே இருந்தது, கேட்க ஆளில்லை. இந்தப் பக்கம் ஒரு பெரியவர் நான்தான் கெடுத்துவிட்டேன் என்று மூன்று வாரம் அரை மணி முன்னதாக வந்துகொண்டிருந்தார்.

தம்பி ஒரு வரி சேர்த்தான். ஐயா பேனலை வலப்பக்கம் இழுத்து வைத்தார். மூடினான், திறந்தான். நின்றது.

"மன்னிச்சிருங்க அங்கிள், என் தப்புதான்" என்றான். ஐயா அவன் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் கெடுக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

பெயர் வைப்பதில் நம் நாட்டுப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒன்று. நாம் எழுதும் மென்பொருளில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். சிலர் சோம்பல்பட்டுத் திரையில் தெரியும் தலைப்பையே உள்பெயராகவும் வைத்துவிடுகிறார்கள். மொழியை மாற்றினால் தலைப்பு மாறும், உள்பெயரும் மாறும், நேற்றைய அமைப்பு அடையாளம் தெரியாமல் போகும். உள்பெயர் எந்த மொழிக்கும் மாறக் கூடாது. இரண்டு பேனலுக்கு ஒரே பெயரும் கூடாது.

நினைவு வந்தபின் வந்த வினை

கதை இதோடு முடியவில்லை. நான்காம் நாள் அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. பரிந்துரைப் பேனல் இப்போது எங்குமே இல்லை.

ஐயா தவறுதலாகப் பேனலின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தியிருக்கிறார். பேனல் மறைந்துவிட்டது. முன்பும் சில முறை அப்படி அழுத்தியிருக்கிறாராம். ஆனால் அப்போது பேனலுக்குப் பெயர் இல்லை. மறைந்ததையும் மறந்துவிட்டு மறுநாள் காலை கீழே வந்து நிற்கும். அந்த மறதிதான் அவரைக் காப்பாற்றியிருந்தது. இப்போது நினைவு வந்துவிட்டது. மறைத்ததை மறைத்ததாகவே வைத்துக்கொள்கிறது. எத்தனை முறை மூடித் திறந்தாலும் வராது.

திரும்ப வரவழைக்க வழி உண்டு. மெனுப் பட்டையிலோ வேறொரு பேனலின் தலைப்பிலோ வல சொடுக்குப் போட்டால் எல்லாப் பேனல்களின் பெயரும் பட்டியலாக வரும். அதைக் கியூட் தானாகவே தருகிறது. ஆனால் அப்படியொன்று இருப்பது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. அதனால் எல்லாரும் பார்க்கும் இடத்தில் 'காட்சி' என்று ஒரு மெனு வைத்து, ஒவ்வொரு பேனலின் பெயரையும் அதில் போட வேண்டும். இதற்கும் ஆயத்தமான ஏற்பாடு இருக்கிறது. 'டாகிள் வியூ ஆக்‌ஷன்' என்று ஒவ்வொரு பேனலும் தனக்கான மெனு வரியைத் தானே தரும். பேனல் தெரிந்தால் சரிக்குறி இருக்கும், மறைந்தால் இருக்காது. நிரலில் ஒரு பேனலுக்கு ஒரே வரி.

இதோடு இன்னொரு மெனு வரியும் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து: எல்லாவற்றையும் முதல்நாள் இருந்தபடி வைப்பது. மென்பொருள் திறந்ததும், சேமித்த மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்னால், அப்போதிருக்கும் நிலையை ஒரு மூட்டையாகக் கட்டித் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். யார் எப்படிக் குழப்பினாலும் அந்த முதல் மூட்டையை அவிழ்த்தால் பழைய நிலை வந்துவிடும். ஓபிஎஸ்ஸில் இந்தத் தேர்வு இருக்கிறது. பேனல்களை நகராமல் பூட்டிவைக்கும் தேர்வும் இருக்கிறது. கோயில் அலுவலகத்தில் ஒரே மடிக்கணினியை, ஒரே கணக்கில் நுழைந்து, மூன்று பேர் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள் என்றால் பூட்டிவிடுவதே நல்லது. ஒருவர் நகர்த்தியது அடுத்தவர் தலையில்தான் விடியும், அதுவும் நேரலை தொடங்கும் நேரம் பார்த்து.

மென்பொருளுக்குப் புதிய பதிப்பு விடும்போதும் ஒரு கவனம் தேவை. பேனல்களைக் கூட்டியோ குறைத்தோ அமைப்பையே மாற்றிவிட்டால் பழைய மூட்டை பொருந்தாது. மூட்டையைக் கட்டும்போது ஒரு பதிப்பு எண் கொடுக்கலாம். அவிழ்க்கும்போது எண் ஒத்துவராவிட்டால் கியூட் அதைத் தொடாமல் விட்டுவிடும். இரண்டு திரை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கழற்றிவிட்டால், அந்தத் திரையில் மிதந்த பேனல் இல்லாத இடத்தில் போய் நிற்கும் ஆபத்தும் உண்டு. நினைவு வைப்பதைச் சொந்தமாக எழுதுபவர்கள், திறக்கும்போது அந்த இடம் இன்னமும் ஏதாவது ஒரு திரைக்குள் இருக்கிறதா என்று சரிபார்த்தாக வேண்டும். மவுஸ் பிடித்து இழுக்கவே முடியாதவர்களுக்கு 'வலப்பக்கம் வை', 'இடப்பக்கம் வை' என்று மெனுவில் இரண்டு வரி போட்டால் விசைப்பலகையாலேயே நகர்த்திக்கொள்வார்கள். இதற்குப் பெரிய நிரல் வேண்டியதில்லை. ஒட்டுவதற்கு முதலில் பயன்படுத்திய அதே கட்டளைதான்.

இதெல்லாம் இவ்வளவு முக்கியமா என்று ஐயாவிடமே கேட்டேன். அவர் அச்சுக் கோத்த காலத்து எழுத்துப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை. கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், கை தானாக அறைக்குப் போகும்.

"எந்த எழுத்து எங்க இருக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதும்மா. கைக்குத்தான் தெரியும். ராத்திரியில எவனாவது வந்து அறைய மாத்தி வச்சிட்டுப் போனான்னு வையி, காலையில நான் புதுசா வேலை கத்துக்க வந்த பையன்தான்."

பேனலை ஏன் வலப்பக்கம் வைக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு இடக்கண்ணில் பார்வை கொஞ்சம் மங்கல். பரிந்துரை வலப்பக்கம் இருந்தால் தலையைத் திருப்பாமல் படிக்க முடிகிறது. கீழே இருந்தால் குனிந்து குனிந்து கழுத்து வலிக்கிறது. நிரல் எழுதிய தம்பிக்கு இது தெரிய வாய்ப்பில்லை. தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை; வைத்த இடத்தில் விட்டுவைத்தால் போதும்.

தம்பி இரண்டு மெனுவையும் சேர்த்துக் கொண்டுவந்தான். பழைய நிலைக்குத் திருப்பும் வரிக்கு 'தளவமைப்பை மீட்டமை' என்று பெயர் வைத்திருந்தான். ஐயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது யாருக்குத் தம்பி புரியும்? 'பழையபடி வை'ன்னு போடு."

போட்டான்.

போன திங்கட்கிழமை வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். 8 மணி. அச்சகம் பூட்டியிருந்தது. எட்டரைக்கு ஐயா வந்தார், கையில் தே தாரிக் பொட்டலத்தோடு.